திறவுச்சொல் யார் கையில்?

நூலகத்தைப் பற்றிப் பேசும் நம்மவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியே பேசுகின்றனர். அடிக்கல் நாட்டல், திறப்பு விழா, அலுமாரி அன்பளிப்பு, கணனி கையளிப்பு என்று படங்கள் வெளிவந்த வண்ணம் இருக்கின்றன. அந்த அலுமாரியில் இருக்கும் நூல் வாசகனின் கைக்கு எவ்வழியால் வந்து சேர்கிறது என்ற வினாவை எழுப்புவார் மிகச் சிலரே. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கூறவந்ததை முதலிலேயே கூறிவிடுகிறோம். நூலகப் பட்டியலில் திறவுச்சொற்களைக் கொண்டு நுணுக்கமாகத் தேடும் ஆற்றல் இன்று நமது சமுதாயத்தில் ஒரு சிறு கூட்டத்தாரின் உடைமையாக இருக்கிறது. ஆங்கிலப் பயிற்சியும் பல்கலைக்கழகப் பழக்கமும் வாய்த்தோர் அதனை அறிவர், ஏனையோர் அறியார். இதனைக் கணனிப் பாடத்தின் ஒரு மூலையில் கிடக்கும் தொழில்நுட்பச் செய்தியென நாம் ஒதுக்கிவைத்துள்ளோம். உண்மையில் இது தொழில்நுட்பம் அன்று; மொழியறிவும் சமூக வரலாற்றறிவும் ஆகும். ஆதலின் இதனைக் கற்பிக்கும் கடமை முதலில் தமிழாசிரியராகிய நம்முடையது. அக்கடமையை நாம் செய்யவில்லை.

நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் நமது குற்றச்சாட்டு விளங்கும்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி வடபகுதியில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பினாள். கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள் அவள். பேருந்திற்குக் காசு சேர்த்துக்கொண்டு நகரத்து நூலகம் ஒன்றுக்குச் சென்றாள். அங்குள்ள கணனியில் 'யாழ்ப்பாணத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்கள்' என்று எழுதித் தேடினாள். பதிவு எதுவும் இல்லை என்றது திரை. அருகில் இருந்த அலுவலரும், "அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் அவள் நம்மிடம் வந்து, "சேர், அதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையாம்" என்றாள்.

ஒருவருமே எழுதவில்லையா? சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது 1957 இல். தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது 1966 ஒக்டோபர் 21 இல். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது 1967 இல். மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம் மூண்டது 1968 இல். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் வெளிவந்தது 1972 இல். இவற்றையொட்டிப் பிரசுரங்களும் நினைவு மலர்களும் ஆய்வுகளும் பல வந்துள்ளன. நூல் இருந்தது, நூலுக்கும் அவளுக்கும் இடையே இருக்க வேண்டிய வழிதான் இருக்கவில்லை. தன் பாட்டனார் காலத்துப் போராட்டம் எழுத்திலேயே இல்லை என்ற பொய்யை ஒரு பிள்ளை மெய்யென நம்பி வீடு திரும்பினாள். இதனைச் சிறு தவறென்று கொள்வார் கொள்ளட்டும். நாம் கொள்ள மாட்டோம்.

அடுத்த சனிக்கிழமை நாமும் அவளுடன் சென்றோம். அன்று செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இதை வாசிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு அதனைச் செய்து காட்டுதல் வேண்டும் என்பது நமது அவா.

முதலாவதாக, பட்டியல் நூலை வாசிப்பதில்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, பொருள் தலைப்பு, சில குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்ட சிறு பதிவையே அது வாசிக்கிறது. மாணவி கொடுத்த ஐந்து சொற்களும் அதே வடிவில் ஒரே பதிவில் இருந்தால் மட்டுமே விடை வரும். 'நடந்த' என்ற சொல்லை எந்த நூலாசிரியர் தலைப்பில் வைக்கப்போகிறார்? ஆகவே வாக்கியத்தைக் கைவிட்டுக் கருத்துகளைப் பிரித்தெடுக்க வேண்டும். இங்கு உள்ளவை இரண்டு கருத்துகள்: இடம் ஒன்று, பொருள் மற்றொன்று.

இரண்டாவதாக, ஒவ்வொரு கருத்துக்கும் வழங்கும் பல பெயர்களைத் திரட்ட வேண்டும். கோயில் என்று எழுதுவார் உளர். கோவில் என்று எழுதுவார் உளர். ஆலயம் என்பார் பிறர். சாதி என்பதே ஜாதி எனவும் அச்சாகியுள்ளது. பிரவேசம் எனினும் நுழைவு எனினும் ஒன்றே. ஆனால் இயந்திரத்துக்கு அவை வேறு வேறு. இப்பெயர்களை 'அல்லது' என்ற இணைப்பாலே தொடுத்து ஓர் அடைப்புக்குறிக்குள் இடவேண்டும். இடப்பெயர்களையும் அவ்வாறே இன்னோர் அடைப்புக்குறிக்குள் இட்டு, இரண்டையும் 'மற்றும்' என்ற இணைப்பாற் சேர்க்க வேண்டும். மேம்பட்ட தேடல் என்ற பக்கத்தில் இவ்விணைப்புகளைத் தெரிவுசெய்யும் வசதி உண்டு. 'அல்லது' வலையை விரிக்கும். 'மற்றும்' அதனைச் சுருக்கும். அன்றாடப் பேச்சில் 'மற்றும்' என்றால் கூடுதல் எனப் பழகிய மாணவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். இருபது நூல்களை மேசையிற் பரப்பி, 'சாதியும் யாழ்ப்பாணமும் இரண்டையும் பற்றிப் பேசும் நூலை மட்டும் எடு' என்றால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

'தவிர' என்ற மூன்றாவது இணைப்பும் உண்டு. அதில் எச்சரிக்கை தேவை. இந்தியாவைப் பற்றிய நூல்கள் வேண்டாமென்று அச்சொல்லை நீக்கினால், இரு நாட்டு நிலைமைகளையும் ஒப்பிடும் சிறந்த நூலும் அதனோடு நீங்கிவிடும்.

இத்தருக்கத்தை வகுத்தவர் ஜோர்ஜ் பூல். செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1815 இல் இங்கிலாந்திற் பிறந்து, பெரும்பாலும் தாமே கற்றுப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். சிந்தனையின் விதிகளைப் பற்றிய அவரது பெருநூல் 1854 இல் வெளிவந்தது. தொழிலாளியின் மகன் வகுத்துத் தந்த கருவியைத் தொழிலாளியின் மகளுக்கு நாம் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது செய்தி தமிழாசிரியர்க்கே உரியது. கணனி நன்னூலைக் கற்றதில்லை. அதற்குப் புணர்ச்சி தெரியாது. 'யாழ்ப்பாணம்' என்று தேடினால் 'யாழ்ப்பாணத்து' என்பதை அது பொதுவாகக் காண்பதில்லை. 'தமிழ்' என்று தேடினால் 'தமிழ்ச் சிறுகதை' என்ற தலைப்பில் உள்ள 'தமிழ்ச்' அதற்கு வேறொரு சொல். வேற்றுமை உருபும் சாரியையும் வலிமிகுதலும் தமிழ்த் தேடலில் தடைக்கற்களாக நிற்கின்றன. ஆங்கிலேயர்க்காக ஆக்கப்பட்ட வழிகாட்டி நூல்கள் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கூறமாட்டா.

இதற்கு மருந்து உடுக்குறி. சொல்லின் மாறாத முற்பகுதியை எழுதி அதன்பின் உடுக்குறியை இட்டால், அப்பகுதியில் தொடங்கும் சொற்கள் யாவும் அகப்படும். எங்கே வெட்டுவது என்பதுதான் வினா. இங்கு ஒரு நுட்பம் உண்டு. இலக்கணத்தில் மெய்யின்மேல் உயிர் ஏறும். கணனியின் ஒருங்குறியிலோ அகரமேறிய எழுத்தின்மேல் புள்ளி ஏறுகிறது. ஆகவே 'தமிழ்' என்பதன் இறுதிப் புள்ளியை நீக்கி, 'தமிழ' என்று எழுதி உடுக்குறி இட்டால், தமிழ், தமிழ்ச், தமிழர், தமிழின், தமிழிலக்கியம் ஆகிய அனைத்தும் வரும். 'யாழ்ப்பாண' என்று வெட்டினால் யாழ்ப்பாணமும் வரும், யாழ்ப்பாணத்தும் வரும். ஆனால் 'மர' என்று வெட்டுவோன் மரத்தோடு மரபையும் மரணத்தையும் சேர்த்துப் பெறுவான். 'சாதி' என்று வெட்டினால் சாதியமும் சாதிமுறையும் வரும்; வாழ்க்கையிற் 'சாதித்தோர்' வரலாறுகளும் வந்து சேரும். அவற்றைக் களைவதற்கே 'மற்றும்' இருக்கிறது. பகுதியையும் விகுதியையும் பிரித்தறியும் பகுபத உறுப்பிலக்கணத்தைப் பரீட்சைக்காக மட்டும் கற்பிக்கும் நாம், அது நூலகக் கதவைத் திறக்கும் சாவியும் ஆகும் என்பதை மாணவர்க்குச் சொன்னதுண்டா?

அன்று இவ்விதமாகத் தேடியபோது, வெறுமையாக இருந்த திரையில் ஒரு பக்கம் நிறையப் பதிவுகள் வந்தன. அவற்றுட் பொருத்தமான ஒன்றைத் திறந்து, அதற்கு நூலகர் இட்டிருந்த பொருள் தலைப்பைப் பார்த்தோம். அத்தலைப்பின்வழிச் சென்றபோது, தலைப்பிற் சாதி என்ற சொல்லே இல்லாத வேறு நூல்களும் கிடைத்தன. ஒரு நல்ல நூலைக் கொண்டு அதன் சுற்றத்தைக் காணுதல் என்பது இதுவே. தமிழ் நூல்களுக்கு இடப்பட்டிருந்த அத்தலைப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம். அதற்குப் பின்னர் வருவோம்.

இனி, நமது கருத்தை மறுப்போரின் வாதங்களை நோக்குவோம்.

'இணையத் தேடுபொறி இருக்கும்போது இந்தப் பழைய பட்டியல் எதற்கு?' என்று கேட்பார் உளர். தேடுபொறி எதனை முன்னே வைக்கிறது, எதனைப் பின்னே தள்ளுகிறது என்பதை அதன் உரிமையாளர் அன்றிப் பிறர் முழுமையாக அறியார். விளம்பரம் தருவோன் அங்கே முதல் வரிசையில் அமர்கிறான். நூலகப் பட்டியல் எவருக்கும் விலைபோவதில்லை. நாம் கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்திய ஒவ்வொரு பதிவையும் அது காட்டும்; ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்பதை நாமே சரிபார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது காட்டும் நூல் இன்ன அலுமாரியில் இன்ன எண்ணில் இருக்கிறது. எழுந்து சென்று எடுக்கலாம்.

'செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாற் போதுமே' என்பது புதிய வாதம். அவ்வியந்திரங்கள் பல வேலைகளில் உதவுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இல்லாத நூலுக்குப் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் கற்பித்து இருப்பதாகக் கூறும் குறை அவற்றிடம் உண்டு என்பது பலமுறை வெளிப்பட்டுள்ளது. அவ்விடை மெய்யா பொய்யா என்று சோதிக்க மாணவன் எங்கே போவான்? பட்டியலுக்குத்தான் வரவேண்டும். புதிய கருவி பெருகப் பெருகப் பழைய திறமையின் தேவையும் பெருகுகிறது.

'இது நூலகரின் வேலை, மாணவனுக்கு எதற்கு?' என்பது மூன்றாவது வாதம். நல்ல நூலகர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும் இவ்வாதம் நமக்குப் பழக்கமானதே. ஏட்டை வாசிப்பது புலவரின் வேலை, மற்றவர்க்கு எதற்கு என்று ஒரு காலத்திற் கூறினார்கள். வாசகன் கேட்கும் நூலை எடுத்துக் கொடுக்க நூலகர் இருக்கிறார்; வாசகன் கேட்கத் துணியாத நூலை எவர் எடுத்துக் கொடுப்பார்? நமது மாணவி அலுவலரிடம் மறுபடியும் கேட்கவில்லை. கேட்கும் துணிவும் நம் சமுதாயத்தில் எல்லோர்க்கும் சமமாகப் பங்கிடப்பட்டதன்று.

அட்டைப்பட்டியல் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று ஆசிரியர் பெயரையோ தலைப்பின் முதற்சொல்லையோ பொருள் தலைப்பையோ அறிந்தவனே இழுப்பறையைத் திறந்து பயன் பெற்றான். கணனிப் பட்டியல் வந்தபின் தலைப்பின் நடுவே உள்ள சொல்லும் திறவுச்சொல் ஆயிற்று. இது வாசகனுக்குக் கிடைத்த ஒரு சனநாயக உரிமை. உரிமை கிடைத்தும் அதனைப் பயன்படுத்தத் தெரியாதிருப்பின், அது ஏற்கெனவே அறிந்தோர்க்கே மேலும் பயன்படும்.

இப்பொழுது பொருள் தலைப்புகளுக்கு வருவோம். எந்தப் பெயரால் ஒரு நூல் பட்டியலில் இடப்படுகிறது என்பதில் அதிகாரம் மறைந்திருக்கிறது. மெல்வில் டூயி 1876 இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறையை நோக்குக. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற விசாலமான வீடு; தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற பின்கட்டு. சமயப் பிரிவிற் கிறித்துவத்துக்குப் பெரும் பகுதி. இந்து சமயமும் பௌத்தமும் 294 இன் உட்பிரிவுகள். இம்முறையையே நமது நூலகங்கள் பலவும் இன்றும் கைக்கொள்கின்றன. சீர்காழியிற் பிறந்து, 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933 இல் வேறொரு பகுப்பு முறையை வகுத்தளித்த ரங்கநாதனின் நாட்டுக்கு அண்மையில் வாழும் நமது நிலை இது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளை உலகெங்கும் நூலகங்கள் பின்பற்றுகின்றன. அவற்றில் இனவெறியும் ஆதிக்க மனப்பான்மையும் படிந்திருப்பதைச் சான்ஃபோர்ட் பேர்மன் என்னும் நூலகர் 1971 இல் ஒரு நூலாகவே எழுதி எடுத்துக்காட்டினார். குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று குறித்த தலைப்பை மாற்றுமாறு 2014 இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் கோரினர். 2016 இல் நூலகம் இணங்கியது, அரசியல்வாதிகள் குறுக்கிட்டனர், 2021 இலேதான் அத்தலைப்பு நீங்கியது. ஒரு பட்டியற் சொல்லுக்காக ஏழாண்டுப் போராட்டம்! பெயரிடுதல் சிறிய செய்தி என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நம்மிடத்தும் இதுவே நிலை. 'தலித்' என்ற சொல்லைக் கொண்டு மட்டும் தேடும் இன்றைய மாணவன் 1960களின் ஈழத்துப் பிரசுரங்களைக் காணமாட்டான்; அன்று இங்கு அச்சொல் வழங்கவில்லை. தாழ்த்தப்பட்டோர், பஞ்சமர் என்ற சொற்கள் வழங்கின. 'சிறுபான்மைத் தமிழர்' என்ற தொடரும் வழங்கிற்று. ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்பு 'அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை' என்றே பெயர் பூண்டிருந்தது. இன்று அத்தொடரைக் காண்பவன் நாட்டின் தமிழ்ச் சிறுபான்மையினத்தைப் பற்றிய செய்தியென எண்ணிக் கடந்து செல்வான். தமிழருள்ளே தாழ்த்தப்பட்டோர் தம்மைக் குறிக்க வழங்கிய பெயர் அது என்பதை அறிந்தவனே அத்தொடரை மேற்கோட் குறிக்குள் இட்டுத் தேடுவான். திறவுச்சொல்லைத் தெரிவதற்குச் சொல்லின் சமூக வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே. இதைக் கணனி ஆசிரியர் எவ்வாறு கற்பிப்பார்?

எழுத்திலும் தடைகள் உள. அமெரிக்க எழுத்துப்பெயர்ப்பு விதியின்படி தமிழ் நூல்களை உரோம எழுத்திற் பதியும் பட்டியல்களில், சகரம் ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்தாகிறது. ழகரம் அடிக்கோடிட்ட 'எல்' ஆகிறது. ஆங்கில நூல்களில் 'எஸ்' என்ற எழுத்திலே தொடங்கும் சிவத்தம்பி, தமிழ் நூல்களின் பதிவிலே 'சி' என்ற எழுத்துக்குப் போய்விடுகிறார். இரண்டையும் தேடாதவனுக்கு அவர் பாதிப் பேராசிரியரே. பழைய பாமினி எழுத்துருவிற் பதிந்து, பின் மாற்றப்படாத பதிவுகள் ஒருங்குறித் தேடலுக்கு அகப்படா. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாக ஒருவர் தட்டச்சுச் செய்திருந்தால், கண்ணுக்கு அது ஔவையார். கணனிக்கு வேறு யாரோ. இவற்றைத் திருத்துவது பெரும்பொருள் வேண்டும் காரியம் என்று சாக்குக் கூற இடமில்லை. நமது பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் உள்ள கோஹா என்ற மென்பொருள், நியூசிலாந்தின் ஒரு சிற்றூர்ப் பகுதியின் நூலகங்களுக்காக ஆக்கப்பட்டு 2000 இற் பயன்பாட்டுக்கு வந்தது. அது கட்டணமற்றது, எவரும் தம் தேவைக்கேற்ப மாற்றத்தக்கது. தட்டுப்பாடு பணத்தில் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. நூலகங்கள் தமிழ் நூலைத் தமிழ் எழுத்திலேயே பதிந்து, தமிழிற் பொருள் தலைப்பும் இடுதல் வேண்டும். கோவிலைத் தேடுவோனைக் கோயிலுக்கும், தலித்தைத் தேடுவோனைப் பஞ்சமர்க்கும் சிறுபான்மைத் தமிழர்க்கும் வழிகாட்டும் தொடுப்புகளை அமைத்தல் வேண்டும். விடையின்றி முடிந்த தேடல்களைக் குறித்துவைத்து ஆராய்தல் வேண்டும். வாசகர் எங்கே தடுக்கி விழுகின்றனர் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

இவற்றை நூலகங்களிடம் கேட்கும் உரிமை, நம் பங்கைச் செய்தபின்னரே நமக்கு உண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து தமிழ்ப்பாட வேளையில் மூன்று பாடங்களை இதற்கென ஒதுக்குவோம். பகுபதம் கற்பிக்கும் நாளன்று உடுக்குறியைக் கற்பிப்போம். ஒருபொருட் பன்மொழி கற்பிக்கும் நாளன்று 'அல்லது' என்ற இணைப்பைக் கற்பிப்போம். கணனி இல்லாத பாடசாலையில் கரும்பலகை போதும். பட்டியல் கட்டுரைகளைப் பெரும்பாலும் காட்டாது, நூல்களையும் சஞ்சிகைப் பெயர்களையுமே காட்டும் என்பதையும் சொல்லிவைப்போம். மாவிட்டபுர நெருக்கடியைப் பற்றிப் பிறையன் பஃபன்பேர்கர் எழுதிய ஆய்வு, 1990 இல் ஆசியவியல் சஞ்சிகை ஒன்றிலேயே கட்டுரையாக வந்தது. நமது பழைய சஞ்சிகைகளுக்கு 2005 இல் தோன்றிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் உண்டு.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதை எண்ணி இன்றும் நெஞ்சு கொதிப்பவர் நாம். எரிந்த நூலை எவரும் வாசிக்க இயலாது. அலுமாரியில் இருந்தும் தேடிக் காண இயலாத நூலின் கதியும் அம்மாணவியைப் பொறுத்தவரை வேறன்று. முன்னதைச் செய்தவர் பிறர். பின்னதற்குப் பொறுப்பாளிகள் நாம்.

அம்மாணவி தன் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். இப்போது சனிக்கிழமைகளில் தன் ஊர் வாசிகசாலையில் இளையவர் சிலருக்கு 'அல்லது', 'மற்றும்', உடுக்குறி ஆகியவற்றைப் பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டுகிறாள். பட்டம் பெற்ற நாம் செய்யாதிருந்த வேலை அது.